கொல்லைப்புறத்தில் விழுந்த புள்ளி

மார்ச் 11, செவ்வாய்க்கிழமை. இன்று எனக்கு வயது எழுபத்தொன்பது ஆண்டு, நான்கு மாதம், ஆறு நாள். இதை முதல் வரியிலேயே எழுதக் காரணம், உன் அலுவலகத்திலிருந்து வந்த பெண் தன் டேப்லெட்டில் "வீட்டுக்காரர்: மூதாட்டி, எண்பதுக்கு மேல்" என்று பதிந்துகொண்டு போயிருக்கிறாள். உங்கள் செயற்கைக்கோளுக்குப் பத்து மீட்டர் வரை பிழை பொறுக்கப்படும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அந்தச் சலுகையை என் பிறந்த தேதிக்கும் நீட்டிக்க வேண்டாம்.

அன்புள்ள மருமகளுக்கு உன் அத்தை எழுதுவது.

இங்கே நாங்கள் இருவரும் நலம். நீ நலமா என்று கேட்பது மரபு, கேட்டாயிற்று. நலமாக இருக்க மாட்டாய் என்பது எனக்குத் தெரியும். ஆறு ஆண்டு பாடுபட்டு இந்த வட்டாரம் முழுமைக்கும் வானத்திலிருந்தே மண்வரைபடம் செய்தவள், அதைக் குழுவின் முன் வைக்கப் போகும் மாதத்தில், சொந்த அத்தை வீட்டுக் கொல்லைப்புறத்தால் தடுக்கி நிற்கிறாள் என்றால் எவளுக்குத்தான் தூக்கம் வரும்?

நீ கேட்டது ஒரே கேள்வி: "அத்தை, அந்த மண்ணு எப்பவுமே அங்க அப்படித்தான் இருந்துச்சா?" அதைத் தொலைபேசியில் கேட்டது உன் தவறு. நம் வீட்டுத் தொலைபேசி ஒலிபெருக்கியில்தான் பேசும். உன் சின்னத்தைக்கு அதில் வேறு பொத்தான் தெரியாது. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டு, "எப்பவுமே இல்லடி கண்ணு, என் கை பட்டப்புறம்தான் கறுத்துச்சு" என்று சொல்லிவிட்டாள். நீயும் மரியாதைக்குச் சிரித்துவிட்டு வைத்துவிட்டாய். அறிவியல் வினாவுக்கு அது விடையாகாது என்பதால் எழுத்தில் தருவதாகச் சொன்னேன். தருகிறேன். ஒரு நிபந்தனை: அவள் இப்போது பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். இரு கண்ணிலும் புரை விழுந்திருப்பதால் தானாக வாசிக்க முடியாது. ஆகவே நான் எழுதும் ஒவ்வொரு பத்தியையும் அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டுமாம். கொழுந்தன் மனைவியாக இந்த வீட்டில் அவள் கால் வைத்து நாற்பது ஆண்டுக்கு மேலாகிறது. அண்ணனும் தம்பியும் போய்ச் சேர்ந்த பிறகும் ஓரகத்திகள் நாங்கள் இருவர் மட்டும் ஒரே அடுப்பில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். கடிதத்தின் நடுவே அவள் குரல் கேட்டால் அதை என் நடையின் குறையாகக் கொள்ளாதே.

முதலில், நான் விளங்கிக்கொண்டது சரிதானா என்று பார். சென்ற முறை வந்தபோது சாப்பாட்டு மேசையில் கணினியைத் திறந்துவைத்து நீ காட்டியதிலிருந்து சொல்கிறேன். நம் தலைக்கு மேல் பல நூறு கிலோமீட்டர் உயரத்தில் ஒரு கண் சில நாள்களுக்கு ஒருமுறை கடந்து போகிறது. நிலத்தை அது பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் சதுரங்களாகப் பார்க்கிறது. நாம் காணாத ஒளியையும் அது காண்கிறது. அந்த ஒளியில் களிமண் ஒரு பகுதியை விழுங்கும். செம்மண்ணில் இருக்கும் இரும்பு வேறொரு பகுதியை விழுங்கும். எது எதை விழுங்கியது என்று பார்த்தால் மண் இன்னதென்று ஊகிக்கலாம். ஆனால் நிலம் எந்நேரமும் பயிரையோ புல்லையோ போர்த்திக்கொண்டு கிடக்கிறது. தலை நிறைய முடி இருக்கையில் மண்டையின் நிறத்தைச் சொல்ல முடியுமா? ஆகவே அறுவடைக்கும் அடுத்த விதைப்புக்கும் நடுவில் ஒவ்வொரு சதுரமும் மொட்டையாகக் கிடக்கும் நாளுக்காகக் காத்திருக்கிறாய். பல ஆண்டுப் படங்களிலிருந்து அந்த மொட்டை நாள்களை மட்டும் வெட்டி ஒட்டி, நாடே ஒரே நாளில் மொட்டையடித்துக்கொண்டது போல ஒரு படம் செய்கிறாய். இதைக் கேட்டது முதல் எனக்கு உன் மேல் மரியாதை கூடியிருக்கிறது, கேள்விகளும் கூடியிருக்கின்றன. மழை பெய்த மறுநாள் எல்லா மண்ணும் கறுத்துத் தெரியுமே, அதை எப்படிப் பிரிக்கிறாய்? ஒரு சதுரத்தில் பாதி கூரை, பாதி தோட்டம் என்றால் அது யார் கணக்கு? ஒரு நாளும் மொட்டையாகாத நிலத்தை என்ன செய்வாய்? கடைசிக் கேள்வியை அன்றே கேட்டேன். "அக்கம்பக்கத்தைப் பாத்து ஊகிச்சுக்கும் அத்தை" என்றாய். அக்கம்பக்கத்தைப் பார்த்து ஒரு வீட்டை எடைபோடும் ஆராய்ச்சியை எங்கள் தெருவில் செயற்கைக்கோள் வருவதற்கு முன்பே செய்துகொண்டிருக்கிறார்கள்.

நான் புள்ளிவிவர அலுவலகத்தில் முப்பது ஆண்டு குப்பை கொட்டியவள். ஆகவே அடுத்த பகுதி எனக்கு எளிதாக விளங்கியது. ஐந்நூறு இடங்களில் தோண்டிய மண்ணைக் காட்டிக் கணினிக்குப் பாடம் நடத்தினாய். அதற்குத் தெரியாமல் இன்னும் நூறு இடங்களைத் தேர்வு வைப்பதற்காக ஒளித்துவைத்தாய். சீட்டுக் குலுக்கியதும் கணினிதான். அந்த நூறில் எழுபத்து மூன்றாம் புள்ளி, இது ஊரின் கடைசித் தெரு என்பதால் எங்களையும் வயலென்று நினைத்து, நம் கொல்லைப்புறத்தில் உன் சின்னத்தையின் ரோஜாப் பாத்தி நடுவே வந்து விழுந்தது. கணினி சொன்ன விடை செஞ்சரளை. தோண்டியபோது வந்ததோ தார் போன்ற கறுப்புக் களிமண். நூற்றுக்கு ஒன்று தவறுவது தவறே அன்று என்று எந்தப் புள்ளியியல் மாணவியும் சொல்வாள். உன் இயக்குநர் மாணவி அல்லர். ஒரு பல் ஆடினால் தாடையையே கழற்றும் பல் மருத்துவரைப் போல, "ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். செஞ்சரளைக்கு நட்ட நடுவுல களிமண்ணைக் கோட்டை விட்ட படத்தை நான் எப்படிக் குழுவுல வைக்கிறது?" என்று கேட்டிருக்கிறார். நீ அவசரப்பட்டு அந்தப் புள்ளியையும் பாடத்தில் சேர்த்துப் பார்த்தாயாம். கணினி எங்கள் தெரு முழுவதையும், தெருவுக்கு அப்பால் கல் உடைக்கும் மேட்டையும் சேர்த்துக் கறுப்பாக்கிவிட்டதாம். விளக்கம் கிடைத்தால் படம் இம்மாதம் குழுவுக்குப் போகும், கிடைக்காவிட்டால் முதலிலிருந்து. இவ்வளவும் சரிதானே? சரி.

இனி அன்று நடந்தது. ஜீப்பில் மூன்று பேர் வந்தார்கள். ஓட்டுநர், கையில் ஜிபிஎஸ்ஸை வைத்துக்கொண்டு எப்போதும் வானத்தையே பார்க்கும் பெண், திருகுபோல் மண்ணுக்குள் இறங்கும் நீண்ட இரும்புக் கோலைத் தோளில் சாத்திய ஆள். அவரைத் திருகுகோல்காரர் என்று வைத்துக்கொள்வோம். திருகுகோல்காரர் பின்வாசலில் இறங்கும்போதே தடுக்கிக் கோலோடு விழுந்தார். "ரெண்டு படிக்கே இப்படின்னா மலையில எப்படி சார் ஏறப்போறீங்க?" என்றான் ஓட்டுநர். பக்கத்துவீட்டு மதில்மேல் உடனே ஒரு தலை முளைத்தது. அது ஓய்வுபெற்ற வங்கி மேலாளருடையது. தெருவில் எது நடந்தாலும் அவர் முகம் மதிலுக்கு மேல் தெரியும் என்பதால் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் சாட்சி.

ஜிபிஎஸ் பெண் முன்னே நடந்து, பின்னே நடந்து, பக்கவாட்டில் நகர்ந்து, கடைசியில் பாத்திக்குள் கால் வைத்தாள்.

"இங்கதான் சார். கரெக்டா இந்தச் செடி மேல."

"எந்தச் செடி மேல?" என்று உன் சின்னத்தை சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தாள். "மொட்டு விட்டிருக்கிறது கண்ணுக்குத் தெரியல? எனக்கே தெரியுது, புரை விழுந்த கண்ணு."

"பாயிண்ட் இங்கதான் விழுது பாட்டி."

"விழுந்தா எடுத்துத் தள்ளி வை. யாருக்குப் பாட்டி?"

"அது மேலேர்ந்து வர்றது பாட்டி, நாம மாத்த முடியாது."

"மேலேர்ந்து வர்றதுக்கெல்லாம் கொல்லையைத் தோண்டக் குடுத்தா நான் எங்க போறது? அக்கா, நீங்க படிச்சவங்கதானே, சொல்லுங்க இந்தப் பொண்ணுக்கு!"

நான் சொல்லவில்லை. இருபக்கமும் நியாயம் இருந்தது. அப்படிப்பட்ட இடத்தில் வாயைக் கொடுப்பவள் நானல்லேன். அதற்குள் ஓட்டுநர் சமாதானம் செய்தான். "ஏம்மா, அஞ்சு மீட்டர் வரைக்கும் தள்ளிக்கலாம்னு நீயே போன ஊர்ல சொன்னியே?" என்றான். அவள் அவனை முறைத்துவிட்டு அளந்தாள். ரோஜாவும் வேண்டாம், மாதுளையும் வேண்டாம், எலுமிச்சை வேர் பக்கமும் போகக்கூடாது என்று சின்னத்தை கரண்டியால் எல்லை வகுத்த பிறகு மீந்த இடம் பின்வாசல் படியை ஒட்டி ஒரு பாய் விரிக்கும் அகலம்தான். இந்தப் பகுதியை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். "கரண்டின்னு போடாதீங்க அக்கா, கௌரவமா இல்ல" என்கிறாள். அது கரண்டிதான்.

கோல் இறங்கியது. முதல் பிடி மண் வந்ததும் திருகுகோல்காரர் அதைத் தண்ணீர் தெளித்துப் பிசைந்து, கட்டைவிரலால் நாடாபோல் இழுத்தார். அது அறுபடாமல் நீண்டது. அவர் முகம் மாறிவிட்டது. "சார், சுத்தக் களி" என்றார், அங்கே சார் என்று எவரும் இல்லாதபோதும். "படத்துல செஞ்சரளைன்னு இருக்கு. இது ஏரி மண்ணு. ஒரு காலத்துல இங்க பெரிய ஏரி இருந்திருக்கணும்."

"ஏரியா?" என்றார் சாட்சி மதில்மேலிருந்து. "என் வீட்டுக்குக் கிணறு தோண்டினப்ப மூணடியிலேயே பாறை. வெடி வச்சோம். ஏரி உங்க வீட்டுக்கு மட்டும் தனியா வந்துட்டுப் போச்சா?"

"அதுக்குத்தான் என் கை வேணும்ங்கறது" என்றாள் உன் சின்னத்தை.

அரையடி, ஓரடி, ஒன்றரையடி, எல்லாம் கறுப்பு. ஜிபிஎஸ் பெண் ஒவ்வொரு பிடியையும் பைக்குள் போட்டு எண் எழுதினாள். இரண்டடி ஆழத்தில் டொக் என்று ஒரு சத்தம்.

எல்லோரும் நின்றுவிட்டோம். ஓட்டுநர்கூடப் பீடியைக் கீழே போட்டான்.

"பெட்டி!" என்றார் சாட்சி. "இரும்புப் பெட்டி. மரப்பெட்டின்னா சத்தம் வேற மாதிரி வரும்."

இதுவரை எத்தனை புதையலைத் தட்டிப் பார்த்து இந்த வேறுபாட்டைக் கண்டுபிடித்தார் என்று கேட்டேன். திருகுகோல்காரர், "கல்லாத்தான் மேடம் இருக்கும். ஒரு முழம் தள்ளி இன்னொரு குழி போட்டா மீட்டர் கணக்குக்கு இறங்கிடலாம்" என்று கோலை உருவினார். அப்போதுதான் நான், "தேநீர் ஆறுகிறது, வாருங்கள்" என்று அழைத்தேன். இதைப் பற்றித்தான் நீ மனம் நொந்து கேட்டாய்: "ஒரு மீட்டர் முடிக்கறதுக்குள்ள ஏன் அத்தை டீக்குக் கூப்பிட்டீங்க?" வெயிலில் வந்த பிள்ளைகளுக்கு ஒரு வாய் தேநீர் கொடுப்பது குற்றமென்று எந்த அறிவியல் நூலிலும் நான் படித்ததில்லை. அவர்கள் இரண்டு கோப்பை குடித்தார்கள். மூன்றாவதும் ஊற்றினேன். பிஸ்கெட் டப்பாவைத் திறந்தேன். திருகுகோல்காரருடைய குடும்பம், ஓட்டுநருடைய பல்வலி, ஜிபிஎஸ் பெண்ணுக்கு வரன் பார்க்கும் தாயாரின் பிடிவாதம் எல்லாவற்றையும் விசாரித்தேன். அதற்குள் அடுத்த புள்ளிக்கு நேரமாகிவிட்டது, கிளம்பிவிட்டார்கள். பதிவேட்டில் "இரண்டடியில் நிறுத்தம், காரணம் தேநீர்" என்று இருக்கிறதாம். எழுதியவளின் நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. வயது விஷயத்தில் அது எங்கே போனது என்றுதான் தெரியவில்லை.

அதன் பின் நடந்தவற்றுக்கு உன் துறைதான் பொறுப்பு. செயற்கைக்கோள் நம் வீட்டில் எதையோ பார்த்துவிட்டுத்தான் ஆள் அனுப்பியது என்று சாட்சி அன்று மாலைக்குள் தெருவுக்கு அறிவித்துவிட்டார். மறுநாள் தையற்காரர் ரவிக்கை கொடுக்கும் சாக்கில் வந்து கொல்லைப்புறத்தை எட்டிப் பார்த்தார். மின்சாரக் கணக்கெடுப்பவர் மீட்டர் முன்பக்கம் இருந்தும் பின்பக்கமாக வந்தார். மூலைவீட்டுப் பல் மருத்துவர், "பாட்டி, பெட்டியில பழைய தங்கப்பல் ஏதாவது இருந்தா முதல்ல எனக்குச் சொல்லுங்க" என்று கேலி செய்துவிட்டு, உண்மையாகவே பதிலுக்காகக் காத்திருந்தார். சாட்சிக்கோ வேறு கவலை: பெட்டி நம் வீட்டில் இருந்தால் அதன் மறுமுனை அவர் வீட்டிலும் இருக்கக்கூடும் அல்லவா? விடிந்ததும் மதிலை ஒட்டிக் கடப்பாரையால் இறங்கிவிட்டார். அவருக்கும் ஒரு டொக் கிடைத்தது. அது குடிநீர்க் குழாய். தெருவுக்கு அன்று முழுவதும் தண்ணீர் இல்லை. அவர் வீட்டு முற்றத்தில் மட்டும் இருந்தது, முழங்கால் வரை. "ஏரி இப்பதான் உங்க வீட்டுக்கு வந்திருக்கு" என்று உன் சின்னத்தை மதிலுக்கு இப்பால் நின்று சொன்னாள். அவள் வாழ்க்கையில் சொன்ன ஒரே நல்ல நகைச்சுவை என்பதால் பதிவு செய்கிறேன்.

இனி உன் கேள்விக்கு விடை. இதை அவள் சொல்லச் சொல்ல எழுதச் சொல்கிறாள். அவள் சாட்சியத்தை அவள் சொற்களிலேயே தருவது முறை.

"எழுதுங்க அக்கா. நான் வந்த புதுசுல இந்தக் கொல்லையில ஒரு புல்லு முளைக்காது. சரளை. தண்ணி ஊத்தினா போன இடம் தெரியாது. வச்சதெல்லாம் கருகும். ரெண்டு வருஷம். நம்ம மாமியார் வாய் சும்மா இருக்குமா? 'இது வறண்ட கை, இது பட்டா எதுவும் துளிர்க்காது'ன்னு வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொன்னாங்க. என் வீட்டுக்காரரும் சிரிப்பாரு கூடச் சேந்து. அப்புறம் அம்மா கால் ஒடிஞ்சு கிடந்தாங்கன்னு அங்க போயி மூணு மாசம் இருந்துட்டு வந்தேன். வந்து ஒரு ரோஜாக் குச்சியை நட்டேன் பாருங்க, பிடிச்சுக்கிச்சு! அன்னிலேர்ந்து என் கை பட்டு எது பொய்ச்சிருக்கு? மண்ணே வருஷா வருஷம் கறுத்துக்கிட்டு வந்துச்சு. மாமியார் கடைசிக் காலத்துல தலைமாட்டுல என் ரோஜாதான் வேணும்னாங்க. இதையும் போடுங்க."

போட்டுவிட்டேன். அவள் சொல்வதில் மிகையில்லை என்பதற்குத் தெருவே சான்று. புது வீடு கட்டியவர்கள் முதல் செடியை வைக்க இவளைத்தான் அழைக்கிறார்கள். பல் மருத்துவமனை வாசலில் நிற்கும் எலுமிச்சை இவள் கொல்லையில் வளர்ந்து மண்கட்டியோடு போன கன்று. கைராசி அம்மா என்று கேட்டால் தபால்காரர் நேரே இங்கே வருவார். என் பெயரைச் சொன்னால் இரண்டு தெரு சுற்றுவார். வருகிற ஞாயிற்றுக்கிழமை நகராட்சியின் புதுப் பூங்காவில் முதல் ரோஜாவை இவள் கையால் நடவேண்டுமென்று கேட்டிருக்கிறார்கள். ஒலிபெருக்கி உண்டாம். மூன்று நாளாகப் புடவை தேர்வு நடக்கிறது.

ஆகவே புள்ளியியல் படித்தவள் என்ற முறையில் என் முடிவு இது. நாற்பது ஆண்டுகளாகக் காய்கறிக் கழிவும் இலைச்சருகும் அடுப்புச் சாம்பலும் ஒரே இடத்தில் இடப்பட்டு, ஒருத்தியின் இடைவிடாத உழைப்பும் கைராசியும் அதனுடன் சேர்ந்து, செஞ்சரளை மண் தானாகவே கறுத்துக் களியாகியிருக்கிறது. செயற்கைக்கோள் இத்தகைய மாறுதல்களைக் கணக்கில் கொள்ளாதது அதன் குறை. உன் படத்தை அதற்கேற்பத் திருத்திக்கொள்வதே முறை. குப்பை எப்படி இரண்டடி ஆழத்துக்குக் களிமண்ணாகும், நாடாபோல் எப்படி நீளும் என்றெல்லாம் நீ கேட்கக்கூடும். உலகில் விளங்காதவை பல.

"நல்லா இருக்கு அக்கா" என்கிறாள். "கைராசின்னு சயின்ஸ்லயே வந்துடுச்சு."

உனக்கும் உன் வீட்டுக்காரருக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் இருவருடைய ஆசிகள். நீங்கள் வாழும் மண்ணும் நீங்கள் பார்க்கும் மண்ணும் செழிக்கட்டும். கொல்லையில் காய்த்த மாதுளையை உனக்கென்று எடுத்துவைத்திருப்பதாகவும், வராவிட்டால் சாட்சிக்குக் கொடுத்துவிடப்போவதாகவும் உன் சின்னத்தை எழுதச் சொல்கிறாள்.

இப்படிக்கு,
உன் அத்தை

பின்குறிப்பு: படத்தில் ஒரு சதுரத்தைக்கூடத் திருத்தாதே. மேலே எழுதியவற்றில் தேதி, என் வயது, அந்த டொக் ஆகிய மூன்றும் ஐயத்துக்கு இடமற்றவை. என் முடிவாகத் தந்த விடையில் ஒரு சொல்லும் உண்மையன்று. முழுக் கடிதத்தையும் வாசித்துக் கேட்டுத் திருப்தியோடு அவள் குளிக்கப் போயிருக்கிறாள். குளியலறைக் குழாய்ச் சத்தம் நிற்கும் வரை எனக்கு நேரம்.

விருந்தோம்பல் என்று நான் எழுதியதை நீ நம்பியிருக்க மாட்டாய். உனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து, வந்தவருக்கு மூன்றாம் கோப்பை தேநீரை நான் எப்போதாவது மனமுவந்து ஊற்றியதுண்டா? இன்னொரு குழி போட்டு ஒரு மீட்டர் இறங்கியிருந்தால் கறுப்பு முடிந்து உன் செஞ்சரளை வந்திருக்கும். வானத்திலிருந்து உன் படம் சொன்ன அதே செஞ்சரளை. அதை அவள் பக்கத்தில் நின்று பார்த்திருப்பாள். திருகுகோல்காரர் வாயை மூடிக்கொண்டிருக்கக் கூடியவராகத் தெரியவில்லை.

அந்தக் களிமண் லாரியில் வந்தது.

அவள் தாயாரைப் பார்க்கப் போயிருந்த மூன்று மாதத்தில் வரவழைத்தேன். அப்போது அணைக்கட்டைத் தூர்வாரி, வண்டலை வேண்டியவர்கள் அள்ளிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். அந்தப் புள்ளிவிவரம் என் மேசை வழியாகத்தான் போனது. உன் படத்தில் அணையின் தென்கரையில் ஒரு கறுப்பு நாக்கு நீண்டிருக்கிறதே, அதன் நுனிதான் நம் கொல்லைப்புறத்தில் கிடக்கிறது. திருகுகோல்காரர் கண்ட ஏரி பொய்யில்லை; இடம்தான் ஓர் அரை நாள் பயணத்துக்கு அப்பால். உன் இயக்குநரிடம் சொல்: பானையைக் குறை சொல்ல வேண்டாம், அவர் கையில் எடுத்த அந்த ஒரு சோறு வேறு பானையிலிருந்து வந்து விழுந்தது.

இரக்கப்பட்டுச் செய்தேன் என்று எண்ணிவிடாதே. 'வறண்ட கை' என்று மாமியார் செடியைச் சொன்னார். செடியை மட்டும் சொல்லவில்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், பிள்ளையில்லாத அவளுக்கு முதலில் தெரியும். அவள் தினமும் கிணற்றடியில் உட்கார்ந்து அழுவாள். என் அறை ஜன்னல் கிணற்றைப் பார்த்தது. வீட்டுக்குக் கொண்டுவந்த அலுவலகக் கணக்கில் எனக்குக் கூட்டல் தப்பியது. சரளையில் தண்ணீர் நிற்காது என்பது எனக்குத் தெரியும்; அதை மாமியாருக்கு விளக்கியிருந்தால் பிறகு என் கைக்கும் ஒரு பெயர் வைத்திருப்பார். லாரிதான் சுருக்கமான வழி.

மறைப்பது கடினமாக இல்லை. கறுப்பு மண்ணைக் கொட்டிப் பரப்பியபின் மேலே நாலு விரற்கடைக்கு அதே பழைய சரளையைத் தூவச் சொன்னேன். மாமியார் மூட்டுவலியோடு வாசல்வரை வந்து பார்த்தார், கண்ணுக்குச் சிவப்பு தெரிந்தது, திரும்பிவிட்டார். மேல்தோலைத் தாண்டிப் பார்வை இறங்காது என்று உன் செயற்கைக்கோளைப் பற்றி நீ சொன்னபோது எனக்கு அவர் நினைவுதான் வந்தது. உன் மாமா பத்திரிகைக்குப் பின்னாலிருந்து, "என்ன சத்தம்?" என்றார். "ரோடு போடறாங்க" என்றேன். தாளைத் திருப்பினார். பிறகு மண்வெட்டி புரளப் புரள, மண்புழு ஏற ஏற, கறுப்பு மேலே வந்தது. அதைத்தான் தன் கைபட்டு மண் கறுத்தது என்கிறாள். அந்தக் கண்டுபிடிப்பை அவளிடமிருந்து பிடுங்கும் உரிமை உனக்கும் இல்லை, குழுவுக்கும் இல்லை. தெருவில் அவள் வைத்தவை எல்லாம் பிழைத்ததன் ரகசியமும் அதுதான்: ஒவ்வொரு கன்றும் ஒரு கூடை நம் மண்ணோடு போனது.

ஆகவே செய்யவேண்டியதைக் கேள். இது கூரியரில் நாளையே உன் கைக்கு வந்துவிடும். வியாழக்கிழமை காலை அவளைக் கண் பரிசோதனைக்கு அவள் தங்கை மகன் அழைத்துப் போகிறான், மதியம்தான் வருவார்கள். உன் ஓட்டுநரையும் திருகுகோல்காரரையும் அன்று அனுப்பு. மறுமாதிரி எடுக்க வந்ததாக எழுதிக்கொள்ளட்டும். மாதுளைக்கும் மதிலுக்கும் நடுவே ஒரு மீட்டர் இறங்கட்டும்; சாட்சியை அந்நேரம் முன்வாசலில் தேநீருக்கு உட்கார வைத்துவிடுகிறேன். கறுப்பு நின்று சிவப்பு தொடங்கும் இடத்தைப் படமெடுத்துக் குழுவுக்குக் காட்டு: வெளியிலிருந்து கொட்டப்பட்ட மண், இயற்கையன்று, புள்ளி தள்ளுபடி. யார் கொட்டியது என்ற கட்டம் உங்கள் படிவத்தில் இருந்தால் காலியாக விடு. திருகுகோல்காரர் கேட்டால், வீடு கட்டிய காலத்தில் பள்ளம் தூர்த்தார்கள் என்று சொல். ஏரி கைநழுவிய வருத்தத்தில் அதற்கு மேல் கேட்க மாட்டார். குழியை மூடும்போது நான்கு சாக்குக் கறுப்பு மண்ணை ஓட்டுநர் ஜீப்பில் ஏற்ற வேண்டும். பூங்காவில் ஞாயிற்றுக்கிழமை ரோஜா வைக்கக் குழி தோண்டித் தயாராக இருக்கிறது. பார்த்துவிட்டு வந்தேன், சரளை. உன் படமும் அதையேதான் சொல்கிறது. இம்முறை மண்கட்டியோடு கன்று இல்லை, ஒலிபெருக்கி முன்னால் வெறும் குச்சியைத்தான் நடப்போகிறாளாம். எனக்கு மறுபடி லாரி பிடிக்கும் வயதில்லை. அடுத்த ஆண்டு உன் செயற்கைக்கோள் அந்தப் பூங்காவில் ஒரு சிறு கறுப்பைப் பார்த்துவிட்டுத் திகைத்தால், அதையும் கண்டுகொள்ளாதே.

கடைசியாக ஒன்று. குழி போடும்போது பின்வாசலை ஒட்டி வேண்டாம். அந்த டொக் பெட்டியும் இல்லை, பாறையும் இல்லை. உன் மாமாவின் தகப்பனார் கட்டிய படி. மண் நிரப்பியதில் கீழே இருந்த இரண்டும் புதைந்துபோயின. இந்த வீட்டில் அதைக் கவனித்தவள் அவள் ஒருத்திதான். தாய்வீட்டிலிருந்து வந்த அன்று மாலை இறங்கி நின்று, "அக்கா, முன்ன நாலு படி இருந்துச்சு இல்ல?" என்றாள். "புதுசா வந்தவளுக்கு எல்லாம் உயரமாத்தான் தெரியும். இப்ப உனக்குக் கால் பழகிடுச்சு" என்றேன்.

குழாய் நின்றுவிட்டது. பழகிய காலோடு வருகிறாள்.